புழு சாப்பாடான கதை

போன மாதம் லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று ஹார்ட் டிஸ்க்கில் தனியாகப் பிரித்து வைத்த ஒரு பகுதியை, அதாவது ஒரு பார்ட்டிஷனை, அழித்தேன். அவசரத்தில் அழித்தது லினக்ஸ் இயங்குதளம் இருந்த பார்ட்டிஷன். மறுபடி ஆன் செய்தால் ஒரே கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்தில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று மட்டும் நின்றது. எட்டிப் பார்த்த மகள், “கிரப்னா புழுதானேப்பா?” என்றாள். “சாப்பாடுன்னும் அர்த்தம் இருக்கு” என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டாள்.

கணினியில் வரும் கிரப் புழுவும் இல்லை, சாப்பாடும் இல்லை. ‘கிராண்ட் யுனிஃபைட் பூட்லோடர்’ என்பதில் எழுத்துகளைப் பொறுக்கிச் செய்த பெயர் அது. எரிக் போலின் என்பவர் 1995இல் எழுதத் தொடங்கிய நிரல். கணினி விழித்ததும் இயங்குதளம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து எழுப்பிவிடும். நான்தான் அதன் கோப்புகளை அழித்துவிட்டேனே, பாவம், அது எதைத் தேடும்? சரி, மகள் கேட்டதற்கு வருவோம். ஒரே சொல்லுக்குப் புழுவும் சாப்பாடும் எப்படிப் பொருளாயின?

கிரப்பின் பழைய பொருள் ‘தோண்டு’. ஜெர்மன் மொழியில் குழிக்கு ‘குரூபே’, தோண்டுவதற்கு ‘கிராபன்’. கல்லறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘கிரேவ்’கூட இந்தக் குடும்பம்தான். வேலிச் செடியையும் பழைய மரக்கட்டையையும் வேரோடு கிளறி எடுப்பதை இங்கிலாந்து விவசாயிகள் இன்றும் கிரப் என்றே சொல்கிறார்கள். மண்ணைக் குடைந்து வாழும் வண்டின் புழுவுக்கு 15ஆம் நூற்றாண்டு வாக்கில் இந்தப் பெயர் வந்தது. எருக்குழியைக் கிளறும்போது வெள்ளைவெளேரென்று, தலை மட்டும் பழுப்பாக, அரைவட்டமாகச் சுருண்டு கிடக்குமே, அந்தப் புழுதான். மண்ணில் புரண்டால் அழுக்குப் படியும். அப்படி வந்ததுதான் அழுக்கைச் சொல்லும் ‘கிரப்பி’.

சாப்பாடு என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் தலைகாட்டுகிறது. பறவைக்குப் புழு எப்படியோ அப்படி மனிதனுக்குச் சோறு என்ற கேலியில் பிறந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். இன்னொன்று எதுகை. அந்தக் காலக் கொச்சையில் குடிக்கு ‘பப்’ என்று பெயர் (மதுக்கடையைக் குறிக்கும் பப் வேறு). ‘பப்பும் கிரப்பும்’ என்று சேர்த்துச் சொல்ல வாய்க்குச் சுகமாக இருந்திருக்கிறது. எனக்கு முதல் விளக்கம்தான் பிடிக்கிறது, ஆனால் பிடித்திருப்பது சான்றாகாது. பிரான்சிஸ் குரோஸ் என்ற முன்னாள் ராணுவ கேப்டன் 1785இல் லண்டன் தெருப்பேச்சைத் திரட்டி ஓர் அகராதி போட்டார். அதற்குள் கிரப் சாப்பாடாகவும், சாப்பிடுவதாகவும் ஊன்றிவிட்டது. அமெரிக்காவில் தங்கம் தேடிப் போனவர்களுக்கு அரிசி பருப்பு மாதிரி சாமான் கொடுத்து அனுப்பி, கிடைக்கும் தங்கத்தில் பங்கு வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ‘கிரப்ஸ்டேக்’ என்று பெயர் வந்ததும் இந்தப் பொருளிலிருந்துதான்.

பட்டறைக்காரர்களுக்கு இன்னொரு கிரப் தெரியும். கிரைண்டர் மோட்டாரின் புல்லியைத் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை, அதற்குள் தலையே இல்லாத ஒரு குட்டித் திருகாணி. ஆலன் கீயை விட்டுத் திருகினால் உள்ளே போய்த் தண்டை அழுத்திப் பிடிக்கும். அதுதான் கிரப் ஸ்க்ரூ. துளைக்குள் ஒளிந்திருக்கும் அந்தக் குட்டையான உடம்பைப் பார்த்தால் பெயருக்கு விளக்கமே தேவைப்படாது.

இத்தனை பொருளைச் சுமக்கும் சொல் காதில் விழும்போது குழப்பம் வரவேண்டுமே, ஏன் வருவதில்லை? இதைச் சோதித்துப் பார்த்தவர் டேவிட் ஸ்வின்னி என்ற உளவியலாளர். 1979இல் வெளியான அவரது ஆய்வு இன்னொரு பூச்சிச் சொல்லை எடுத்துக்கொண்டது: ‘பக்’. அதற்குப் பூச்சி என்றும் பொருள், ஒட்டுக்கேட்கும் கருவி என்றும் பொருள். அறையின் மூலையில் சிலந்தி, கரப்பான், இன்னும் பல ‘பக்’குகள் கிடந்தன என்று ஹெட்போனில் ஒரு வாக்கியம் ஓடும். ‘பக்’ காதில் விழுந்த அதே கணத்தில் திரையில் ஒரு சொல் தோன்றும். அது உண்மையான சொல்லா, வெறும் எழுத்துக் குவியலா என்று பட்டனை அழுத்திச் சொல்ல வேண்டும்.

திரையில் ‘எறும்பு’ வந்தபோது விடை சட்டென்று வந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ‘உளவாளி’ என்று வந்தபோதும் அதே வேகம்! சம்பந்தமே இல்லாத ‘தையல்’ போன்ற சொல்லுக்குத்தான் கூடுதல் நேரம் பிடித்தது. அதாவது, சிலந்தி, கரப்பான் என்று வாக்கியம் அவ்வளவு தெளிவாகச் சொல்லியும், மூளை ஒட்டுக்கேட்கும் கருவியையும் ஒரு கணம் எடுத்துப் பார்த்திருக்கிறது. அதே சோதனையை மூன்று அசை தள்ளி, ஏறக்குறைய ஒரு வினாடி கழித்துச் செய்தால் ‘எறும்பு’க்கு மட்டுமே அந்த வேகம் மிஞ்சியது. உளவாளி போன இடம் தெரியவில்லை. மூளை இப்படி எல்லாப் பொருளையும் அள்ளிப்போட்டு, வேண்டாததைத் தள்ளுவது நமக்குத் தெரிவதே இல்லை. லண்டன் மதுக்கடைப் பலகையில் ‘கிரப்’ என்று பார்ப்பவர் மனதிலும் ஒரு கணம் புழு நெளிந்திருக்க வாய்ப்பு உண்டு. பசியில் தெரியாது, அவ்வளவுதான்.

எல்லாப் பல்பொருளும் ஒன்றல்ல என்பதும் அப்புறம் தெரியவந்தது. ஜெனி ராட் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மரப்பட்டை, நாய்க்குரைப்பு என்று தொடர்பே இல்லாத இரண்டு பொருள் கொண்ட ‘பார்க்’ போன்ற சொற்களை அடையாளம் காண மூளை கொஞ்சம் தடுமாறியது. ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்த பொருள்கள் உள்ள சொற்களை வேகமாகப் பிடித்தது. கிரப் இதில் எந்தப் பக்கம்? தோண்டலும் புழுவும் ஒரே கிளை. சாப்பாட்டுக்கு வந்த வழி பேசுபவர்களுக்கே மறந்துவிட்டது, எனவே அது தனிச் சொல் மாதிரிதான் நடந்துகொள்ளும் என்பது என் ஊகம்.

கிரப்புக்கு ஆங்கிலத்தில் பங்காளிகள் ஏராளம். அமெரிக்கச் சிப்பாய்க்குச் ‘சவ்’. சீனக் கடற்கரை வணிகர்களின் கலப்பு ஆங்கிலத்திலிருந்து வந்தது. ‘நோஷ்’ யூதர்களின் இத்திஷ் மொழிக் கொடை, அங்கே கொறிப்பது என்று பொருள். ஆஸ்திரேலியர்களுக்கு ‘டக்கர்’, பழங்குடியினர் மரவேரைத் தோண்டி எடுத்துத் தின்னும் விட்செட்டி கிரப் அங்கே புழுவாகவும் இருக்கிறது, சாப்பாடாகவும் இருக்கிறது. அகராதி இவற்றை ஒரு பொருள் குறித்த பல சொற்கள் என்று வரிசையாக அடுக்கும். வாயைத் திறந்தால் சொன்னவரின் ஊரும் தொழிலும் தெரிந்துவிடும். கல்யாணப் பத்திரிகையில் இவற்றில் ஒன்றையும் போட முடியாது.

குரோஸின் அகராதியில் இன்னொரு சொல்லும் உண்டு: ‘டிஃபிங்’, சாப்பாட்டு வேளை அல்லாத வேளையில் தின்பதும் குடிப்பதும். இங்கிலாந்தில் அது தேய்ந்து போயிற்று. இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் வாயில் அது டிஃபின் ஆகி, மதியச் சாப்பாட்டுக்குப் பெயராயிற்று. நம்மிடம் வந்ததும் டிபனாகி, சோற்றை விட்டு விலகி இட்லி தோசைப் பக்கம் வந்துவிட்டது. ராத்திரி நாலு தோசை முடித்துவிட்டு எழுந்தவரிடம் “சாப்பாடு ஆச்சா?” என்று கேளுங்கள். “இல்லைங்க, டிபன்தான்” என்பார்.