ஈயம் உருக்கும் வீட்டில் குழந்தை இருந்தால்

இந்த மாதம் மறுபடியும் ஒரு குழந்தை. ஓயாத வயிற்றுவலி, மலச்சிக்கல், டானிக் கொடுத்தும் தீராத ரத்தசோகை. ரத்தத்தில் ஈயத்தின் அளவு பார்க்கச் சொன்னேன், எக்கச்சக்கமாக இருந்தது. அப்பா துப்பாக்கி சுடப் பழகுகிறவர், ஈயத்தை உருக்கிக் குண்டுகளை வீட்டிலேயே வார்க்கிறார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது இதுதான்: "அப்போ சூடு கட்டுப்படுத்துற நல்ல மின்பானையா வாங்கிடட்டுமா டாக்டர்?"

புகை வராவிட்டால் ஈயம் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையிலிருந்து வரும் கேள்வி இது. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கொதிக்க 1,700 டிகிரிக்கும் மேல் வேண்டும். வார்ப்பவர்கள் பெரும்பாலும் 400 டிகிரிக்குள்தான் வேலை செய்கிறார்கள். அந்தச் சூட்டில் ஈய ஆவி மிகக் குறைவு என்பது உண்மைதான். அந்த அரை உண்மையைப் பிடித்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறார்கள்.

உருகிய ஈயத்தின் மேல் சாம்பல் நிறத்தில் கசடு படிகிறதே, அதில் இருப்பது ஈய ஆக்சைடு. ஆறினால் பொடி. கரண்டியால் வழித்துக் கொட்டும்போது பறக்கும். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் இல்லை. சட்டையில், செருப்பில், செல்போனில், கார் ஸ்டீயரிங்கில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். தரையில் தவழும் பிள்ளை கையை வாயில் வைக்கும். அவ்வளவுதான். எத்தனை விலையுயர்ந்த பானையும் இதைத் தடுக்காது.

"நான் நல்லாத்தானே இருக்கேன்?" என்பது அடுத்த கேள்வி. விழுங்கிய ஈயத்தில் பெரியவர்களின் குடல் சுமார் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சும். சிறு குழந்தையின் குடல் பாதி வரை உறிஞ்சிவிடும். இரும்பும் கால்சியமும் குறைவாக உள்ள பிள்ளைக்கு இன்னும் அதிகம். பாதிப்பு மூளைக்கு. போன அறிவுத்திறனை எந்த மருந்தாலும் திருப்பித் தர முடியாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்று 2021-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வைத்த எண், கவனிக்க வேண்டிய பிள்ளைகளை அடையாளம் காணத்தான். அதுவரை இருக்கலாம் என்று அர்த்தமில்லை. ஈயத்தை வெளியேற்றும் மருந்தை வழக்கமாக 45-ஐத் தொட்டால்தான் தருவோம். அதுவும் வீட்டில் தூசி அப்படியே இருந்தால் வீண்.

பானை வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு: சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் உள்ளது வேண்டும்; அதன் முள்ளை மட்டும் நம்பாமல் தனி வெப்பமானியும் வைத்துக்கொள்ளுங்கள். அடி அகலமாக, ஆடாமல் நிற்க வேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடாது. ஒருமுறை ஈயம் கண்ட பாத்திரமும் கரண்டியும் சமையலறைக்குத் திரும்பவே கூடாது. உருகிய ஈயத்துக்குள் ஈரக் கட்டி விழுந்தால் நீர் சட்டென ஆவியாகி ஈயத்தை முகத்தில் வாரியடிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அருகே போகாதீர்கள். பழைய பேட்டரித் தகடுகளை உருக்கவே உருக்காதீர்கள். அந்தக் கசடில் ஈரம் பட்டால் ஆர்சைன் என்னும் கொடிய வாயு உண்டாகலாம்.

வார்ப்பது வெளியே, காற்றோட்டத்தில், பிள்ளைகள் வராத இடத்தில். அதற்கென்று தனி உடை, தனி செருப்பு; அந்த உடையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். துடைப்பம் எடுக்காதீர்கள், சாதாரண வாக்குவம் கிளீனரும் வேண்டாம். இரண்டும் தூசியைக் கிளப்பிப் பரப்பும். ஈரத்துணியால் துடையுங்கள். கசடை மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டையும் தொடாதீர்கள், போனையும் தொடாதீர்கள். துணி மாஸ்க் இதற்கு உதவாது.

மருத்துவரிடம் போனால், வீட்டில் ஈயம் உருக்குவதை நீங்களே சொல்லிவிடுங்கள். நாங்கள் எல்லோரும் அதைக் கேட்பதில்லை. உங்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் எல்லோருக்கும் ரத்தம் பாருங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்தால், தோலில் ஒட்டிய ஈயமே எண்ணைக் கூட்டிக் காட்டும். கூடுதலாக வந்தால் கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து உறுதிசெய்ய வேண்டும்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் மட்டும் எந்த நிபந்தனையும் பேச வேண்டாம். தாயின் ரத்தத்தில் உள்ள ஈயம் கருவுக்குப் போகும். எலும்பில் பல ஆண்டுகளாகத் தங்கியிருப்பதும் கர்ப்ப காலத்தில் ரத்தத்தில் கலக்கும். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் வயது தாண்டும்வரை வார்ப்பதை நிறுத்துங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.