தரைப்பாலம் மூழ்கும் முன்

ஓடையின் மட்டத்தை ஒட்டித் தாழ்வாகப் போட்ட தரைப்பாலம் நமக்குப் பழக்கமானதுதான். கோடையில் அதன் மேல் புழுதி பறக்கும், ஐப்பசி மழையில் அதன் மேலேயே தண்ணீர் போகும். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலும் இப்படிப்பட்ட பாலங்கள் ஏராளம். ஆஸ்டின் நகருக்கு மேற்கே இருப்பவை சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள். அவற்றின் மேல் மண் மெல்லிய போர்வைதான். பெய்கிற மழையைக் குடிக்க அங்கே இடமில்லை. காலையில் காய்ந்து கிடந்த ஓடை மாலையில் காரை இழுத்துக்கொண்டு போகும். 1981 மே மாத வெள்ளத்தில் ஆஸ்டினில் 13 பேர் இறந்தார்கள். அந்த நகரம் வெள்ள முன்னெச்சரிக்கை அமைப்பைக் கட்டத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

கார் மிதக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம் உள்ள காரின் அடிப்பரப்பு ஏறத்தாழ 6.8 சதுர மீட்டர். தண்ணீர் அடித்தட்டைத் தொட்ட பிறகு ஏறும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் காரை 68 கிலோ அளவுக்கு மேலே தூக்கும். 1,200 கிலோ கார் என்றால் 18 சென்டிமீட்டர் போதும். தரைக்கும் அடித்தட்டுக்கும் நடுவே உள்ள 17 சென்டிமீட்டரைச் சேர்த்தால் 35. முழங்காலுக்குக் கீழேதான்! அதற்கும் முன்பே டயரின் பிடி தளர்ந்துவிடுகிறது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் பக்கவாட்டுத் தள்ளல் நான்கு மடங்காகும். இரவில், கலங்கல் நீரில், எந்த ஓட்டுநராலும் இதைக் கண்ணால் அளக்க முடியாது.

ஆகவே அளக்கும் வேலையைக் கருவி செய்ய வேண்டும். ஓடையின் அடியில் வைக்கும் அழுத்த உணரி அதில் ஒன்று. தலைக்கு மேல் 1 சென்டிமீட்டர் நீர் கூடினால் அழுத்தம் ஏறத்தாழ 1 மில்லிபார் கூடும். இதில் ஒரு சிக்கல் உண்டு. காற்றின் அழுத்தமும் அதே உணரியின் மேல்தான் அமர்ந்திருக்கிறது. புயல் நெருங்கி அது 10 மில்லிபார் குறைந்தால், நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் குறைந்ததாகக் கருவி சொல்லிவிடும், அதுவும் வெள்ளம் வரப்போகும் நேரத்தில். கம்பிவடத்துக்குள்ளேயே ஒரு மெல்லிய குழாயை வைத்து, உணரியின் மறுபக்கத்தை வெளிக்காற்றோடு இணைத்து இந்தப் பிழையைக் கழிக்கிறார்கள். பாலத்திலிருந்து கீழ்நோக்கி ரேடார் வைத்து அளப்பது இன்னொரு வழி.

ஆனால் பாலத்தடியில் நீர் ஏறிய பிறகு தெரிந்துகொள்வது பல இடங்களில் காலம் கடந்த செய்தி. சின்ன ஓடையில் மழைக்கும் வெள்ளத்துக்கும் இடைவெளி சில பத்து நிமிடங்கள்தான். அதனால் மேட்டுப் பகுதியிலேயே மழைமானிகளை வைக்கிறார்கள். மானிக்குள் சீசாப் பலகையின் இரு முனைகள் போல இரண்டு சிறு கிண்ணங்கள். 1 மில்லிமீட்டர் மழை சேர்ந்ததும் ஒன்று கவிழும், மற்றது மேலே வரும். கவிழும்போது ஒரு காந்தம் மின்சுவிட்சைத் தட்ட, நொடிப்பொழுதில் ரேடியோச் செய்தி கிளம்புகிறது. செல்போன் கோபுரம் செயலிழந்தாலும் இது போய்ச் சேரும். 1970களில் கலிபோர்னியாவில் அமெரிக்க வானிலைச் சேவை உருவாக்கிய ‘அலர்ட்’ முறை இது.

கொட்டும் மழையில் எல்லா மானிகளும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கும். செய்திகள் மோதி அழியும். ‘இப்போது 1 மில்லிமீட்டர்’ என்று அனுப்பாமல், இதுவரை கவிழ்ந்த மொத்த எண்ணிக்கையை அனுப்புவதில்தான் இதற்கான மருந்து இருக்கிறது. ஒரு செய்தி தொலைந்தாலும் அடுத்தது கணக்கைச் சரிசெய்துவிடும். எளிமையான யோசனை, எனக்கு மிகவும் பிடித்தது. பிற்பாடு வந்த ‘அலர்ட் 2’ முறையில் ஒவ்வொரு மானிக்கும் தனித்தனி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

எண்கள் எல்லை தாண்டினால் பாலத்தருகே விளக்கு மினுக்கும், சில இடங்களில் தடுப்புக் கதவும் விழும். விளக்கை விடக் கதவையே நான் நம்புவேன். விளக்கு முடிவை ஓட்டுநரிடமே விடுகிறது. அவரோ தினமும் அந்த வழியாகப் பத்திரமாகப் போய் வந்தவர், வீட்டுக்கு இன்னும் இரண்டு மைல்தான் இருக்கும். அமெரிக்காவில் வெள்ளத்தில் மூழ்கி இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வண்டியோடு தண்ணீருக்குள் போனவர்கள்.

இன்னொரு கவலையும் உண்டு. மழையே இல்லாத நாளிலும் மானிகள் குறித்த நேரத்தில் ஒரு செய்தி அனுப்புகின்றன. அது வராவிட்டால் மானி பழுது என்று அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும். சாலையில் நிற்பவருக்கு அந்த வசதி இல்லை. பேட்டரி செத்து அணைந்த விளக்கும், ஆபத்தில்லை என்று அணைந்திருக்கும் விளக்கும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான்.