மேம்பாட்டு அறவீடு: சொல்லும் பொருளும்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய கானை, அதாவது வடிகாலைத் தோண்டி எடுத்துவிட்டு அகலமான மூடிய கான் கட்டி, மேலே தார்க் காப்பெட் போட்டுத் தருகிறார்கள் என்று வையுங்கள். மழைக்கு வீட்டு வாசலில் தேங்கிய தண்ணீர் இனித் தேங்காது. காணி விலையும் ஏறும். அந்தச் செலவில் ஒரு பங்கை ஒழுங்கைக் காணிக்காரர்களிடமே வாங்கினால், அந்தத் தொகைக்குத் தமிழில் என்ன பெயர்?

அமெரிக்கர்கள் இதை ஸ்பெஷல் அசெஸ்மென்ட் என்பார்கள். பிரித்தானியச் சட்ட வழக்கில் பெட்டர்மென்ட் என்ற சொல் உண்டு. இரண்டும் நெருங்கிய உறவு, ஆனால் ஒன்றல்ல. முன்னது வேலைக்கான செலவைப் பயன்பெறும் காணிகளுக்குப் பங்கிடுவது. பின்னது பொது வேலையால் காணியின் பெறுமதி எவ்வளவு உயர்ந்தது என்று பார்த்து, அந்த உயர்வில் ஒரு பகுதியைக் கேட்பது.

கொழும்பில் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. "அசெஸ்மென்ட் கட்டியாச்சா?" என்று ஒருவர் கேட்டால், அது காலாண்டுக்கு ஒருமுறை மாநகர சபைக்குக் கட்டும் ஆதன வரி. யாழ்ப்பாணத்தவர் அதைச் சோலை வரி என்பார்கள். சிங்களத்தில் அதன் பெயர் 'வரிபனம்', நம்முடைய வரிப்பணமேதான். கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதியை வைத்து அது கணிக்கப்படுகிறது. முழு ஆண்டுக்கும் உரியதை ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 சதவீதக் கழிவு கிடைக்கும். அந்தப் பணம் பொது நிதிக்குப் போய், குப்பை அள்ளுவது முதல் தெருவிளக்கு வரை எல்லாவற்றுக்கும் செலவாகிறது. "நான் கட்டிய வரியை என் ஒழுங்கைக்கே செலவழியுங்கள்" என்று யாரும் கேட்க முடியாது. மேம்பாட்டுக்காக வாங்கும் தொகை அப்படியல்ல. குறித்த வேலை, குறித்த காணிகள், குறித்த பயன் என்ற மூன்றும் இல்லாவிட்டால் அதை வாங்க நியாயமே இல்லை. ஆகவே 'சிறப்பு மதிப்பீடு' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ஆதன வரியைத்தான் கூட்டிவிட்டார்கள் என்று வாசிப்பவர் நினைத்துக்கொள்வார்.

அசெஸ்மென்ட் என்ற சொல்லின் வேர், 'பக்கத்தில் அமர்தல்' என்ற பொருளுடைய லத்தீன் வினை. நீதிபதியின் அருகே இருந்து துணை செய்தவரைக் குறித்த சொல், வரித் தொகையைத் தீர்மானிப்பவர் மேல் ஏறி, பிறகு வரியின் மேலேயே தங்கிவிட்டது. பெட்டர்மென்ட் என்ற கருத்தின் கதை இன்னும் சுவையானது. 1666இல் லண்டன் எரிந்தது. அடுத்த ஆண்டு வந்த சட்டம், தெருக்களை அகலிப்பதால் பெறுமதி கூடும் காணிகளின் சொந்தக்காரரிடம் ஒரு தொகை கேட்க வழிசெய்தது. அதே எண்ணம் 1691இல் நியூயோர்க் குடியேற்றத்தின் சட்டத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து அமெரிக்க நகரங்களுக்குப் பரவியது.

இலங்கையில் வீதிக்காக மக்களிடம் கேட்ட விதம் முதலில் வேறாக இருந்தது. 1848ஆம் ஆண்டு வீதிச் சட்டம் 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணம் தர வேண்டும் என்றது. பெரிய மாளிகைக்காரருக்கும் மாத்தளை உழவருக்கும் ஒரே அளவு. அந்த ஆண்டு பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியைத் தூண்டிய குறைகளில் இதுவும் ஒன்று. யாருக்குப் பயன், யாரிடம் வசதி என்ற கேள்வியே அந்தச் சட்டத்தில் இல்லை. 1946ஆம் ஆண்டின் நகர, நாட்டுத் திட்டமிடல் கட்டளைச் சட்டத்துக்கு வரும்போது பார்வை மாறிவிட்டது. திட்டத்தால் நட்டமடையும் காணிக்கு இழப்பீடு, பெறுமதி உயரும் காணியிடம் மேம்பாட்டுப் பங்கு என்று இரண்டையும் அது சேர்த்தே எண்ணியது. இந்தச் சேர்க்கை எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. கொடுக்க மனமில்லாத சபைக்கு வாங்க உரிமை எங்கிருந்து வரும்?

தமிழகத்தில் குளம் வாய்க்கால்களுக்குக் குடிமராமத்து என்ற முறை இருந்தது. பாசனம் பெறும் ஊரார் சேர்ந்து உழைத்துப் பழுதுபார்ப்பார்கள். பயன்பெறுபவர் பங்களிப்பது என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. ஆனாலும் அந்தச் சொல்லை இங்கே இழுக்க முடியாது. அது உழைப்பு, இது பணம். மராமத்து பழுதுபார்ப்பு மட்டும்தான்.

என் தெரிவு 'மேம்பாட்டு அறவீடு'. தமிழகத்து 'மேம்பாட்டு வரி' தவறில்லை, ஆனால் வரி என்றதும் ஆண்டுதோறும் வருவது என்ற எண்ணம் வந்துவிடும். அறவிடுதல் இலங்கைத் தமிழர் நாள்தோறும் புழங்கும் சொல். கட்டணமும் அறவிடுவோம், கடனும் அறவிடுவோம். செலவைப் பங்கிடுவதா, பெறுமதி உயர்வில் பங்கு கேட்பதா என்று பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் முன்னதை 'மேம்பாட்டுச் செலவுப் பங்கு' என்றும் பின்னதைப் 'பெறுமதி உயர்வு அறவீடு' என்றும் எழுதலாம்.

பங்கிடும் முறைகளுக்கும் சொற்கள் வேண்டும். தெருவைத் தொடும் நீளத்தை வைத்துக் கணித்தால் முகப்பளவு, காணியை அளக்கும் பேர்ச் கணக்கில் என்றால் பரப்பளவு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே தொகை என்றால் வீட்டுப் பங்கு. முகப்பளவு முறை தனி வீடுகள் இருந்த காலத்துக்குப் பொருந்தியது. இன்று அதே ஒழுங்கையில் ஒரு வீடு இருந்த இடத்தில் மாடிக் குடியிருப்பு எழுந்து, ஒரே முகப்புக்குப் பின்னால் பல குடும்பங்கள் கானைப் பயன்படுத்துகின்றன. அங்கே முகப்பை மட்டும் அளந்தால், பக்கத்துத் தனி வீட்டில் ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் தலையில் பெரும்பங்கு விழும். அவருக்குக் காணி இருக்கும், கையில் காசு இருக்காது. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் பல ஆண்டுத் தவணையில் கட்டவிடுவது இதனால்தான். கலிபோர்னியா 1996இல் வாக்கெடுப்பின் வழியே இன்னொரு விதியையும் சேர்த்தது: ஊருக்கெல்லாம் கிடைக்கும் பொதுப் பயனைப் பிரித்துவிட்டு, காணிக்குத் தனியாகக் கிடைக்கும் பயனுக்கு மட்டுமே தொகை கேட்க வேண்டும்; காணிக்காரருக்குத் தபாலில் வாக்குச்சீட்டு அனுப்ப வேண்டும்; எதிர்ப்பு மிஞ்சினால் அறவிடக் கூடாது.

வாடகைக்கு இருப்பவரிடம் சட்டப்படி யாரும் இதைக் கேட்க மாட்டார்கள். வாடகை உயரும்போது அது அவரிடமும் வந்து சேரும்.