நியூட் படத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

திருகோணமலையில் கமராவை நம்பிச் சோறு தின்ன வேண்டுமென்றால் கலியாண வீடு, சாமத்திய வீடு, கடவுச்சீட்டுப் படம் என்று ஓடித்தான் ஆகவேண்டும். நானும் ஓடுகிறேன். அந்த ஓட்டத்துக்கு நடுவில் வருடத்துக்கு நாலைந்து தடவை உடையில்லாத உடலைப் படம் எடுக்கிறேன். வளர்ந்தவர்களை மட்டும், அவர்கள் முழுச் சம்மதத்தோடு, பூட்டிய வீட்டுக்குள். சம்மதத்தை எழுத்தில் வாங்க ஒரு படிவம் வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இருந்த அதைத் தமிழில் எழுதக் குந்தியபோது முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. 'என்னை இன்ன படம் எடுப்பதற்குச் சம்மதிக்கிறேன்.' அந்த 'இன்ன' இருக்கும் இடத்தில் எந்தச் சொல்லைப் போடுவது?

நியூட் என்றே எழுதியிருக்கலாம், எல்லோருக்கும் விளங்கும். விளங்குவதுதான் வில்லங்கம். இப்போது ஊரில் அந்தச் சொல் கைபேசிக்குள் மாட்டிக்கொண்டது. 'நியூட் கேட்டானாம்', 'நியூட் வெளியே வந்திட்டுதாம்' என்று அதைக் காதில் போடும்போதே பின்னால் ஒரு மிரட்டலும் ஒரு பெண்ணின் அழுகையும் வந்து நிற்கின்றன. ஆளைத் தைரியப்படுத்துவதற்காக எழுதும் படிவத்தில் அதைப் போட மனம் வரவில்லை.

அடுத்தது நிர்வாணம். அகராதிக்குப் போனால் முதலில் கையில் அகப்படுவது இதுதான். நானும் நெடுநாள் இதைத்தான் வைத்திருந்தேன். கணினியில் அந்தப் படங்களைப் போட்டு வைத்த கோப்புறைக்கும் இதுதான் பெயர். ஒருநாள் அல்பம் வடிவமைக்க உதவிக்கு வந்த சிங்களத் தம்பி ஒருவர் திரையில் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். எங்கள் ஊரில் வளர்ந்தவர், தமிழ் ஓரளவு வாசிப்பார். வாசித்துவிட்டு மிகுந்த மரியாதையோடு, "அண்ணே, நிர்வாணத்தையும் படம் எடுக்கலாமா?" என்று கேட்டார். அவர் நினைத்தது புத்தர் அடைந்த நிர்வாணம். சிங்களத்தில் பேச்சு வழக்கில் நிவன என்பார்கள். உடையில்லாத நிலைக்கு அவர்களிடம் நிருவத் என்று வேறு சொல் இருக்கிறது. கோப்புறையைத் திறந்து காட்டும் துணிச்சல் எனக்கு அன்று இருக்கவில்லை.

அவர் சொன்னதுதான் மூலப் பொருள். வடமொழியில் நிர் என்பது நீங்குதல், வா என்பது வீசுதல். ஊதி அணைந்த விளக்குப் போல ஆசை அணைந்துபோன நிலை நிர்வாணம். அதில் துணியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியில் வீடுபேறு, ஆடையின்மை என்று இரண்டு பொருளும் இருக்கின்றன. வீடுபேறு எந்த வழியாக ஆடையைக் கழற்றியது? உடையையும் துறந்து வீடுபேற்றைத் தேடிய திகம்பர சமண முனிவர்களைப் பார்த்த சனம், அவர்கள் தேடியதன் பெயரை அவர்கள் நின்ற கோலத்துக்குக் கொடுத்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. திகம்பரம் என்றால் திசையே ஆடை. அழகான சொல்தான், ஆனால் படிவத்துக்கு ஆகாது. கையெழுத்துப் போட வந்தவரைச் சாமியார் ஆக்கிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. சைவ வீடுகளில் பெரியவர்கள் தீட்சை எடுப்பார்கள்: சமய தீட்சை, விசேட தீட்சை, அதற்கு மேலே நிர்வாண தீட்சை. 'அப்பா நிர்வாண தீட்சை எடுத்தவர்' என்று பெருமையாகச் சொல்லும் அதே வீட்டில், குளித்துவிட்டு ஓடும் பேரனைப் பார்த்து 'நிர்வாணமா ஓடாதை' என்று கத்துவார்கள். இரண்டு பொருளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதை நான் கேட்டதே இல்லை. முட்டுவது எங்களைப் போன்ற சொல் தேடுகிற ஆட்கள் தலையில்தான்.

அம்மணத்துக்கும் சமணர் பக்கத்தில்தான் வேர் சொல்கிறார்கள். சிரமணர் என்பது தமிழில் சமணர், அமணர் என்று ஆனது, அமணரின் கோலம் அமணம், பிறகு அம்மணம். அதாவது ஒரு சமயத்தாரின் பெயரே மற்றவர்கள் வாயில் கேலியாகிப்போனது. திருஞானசம்பந்தர் பதிகம்தோறும் பத்தாவது பாட்டில் சமணரையும் பௌத்தரையும் ஒரு பிடி பிடிப்பார். எங்கள் கோணேசர் பதிகத்திலும் அது உண்டு, 'நின்றுணுஞ் சமணும் இருந்துணுந் தேரும்' என்று. தேர் என்றது பௌத்தத் தேரரை. அந்தச் சண்டை ஆறி எத்தனையோ நூற்றாண்டு போய்விட்டது. கேலி மட்டும் சொல்லுக்குள் உறைந்து கிடக்கிறது. அம்மணமான ஊரில் கோவணம் கட்டினவன் பைத்தியக்காரன் என்ற பழமொழியைச் சிரிக்காமல் சொல்லிப் பாருங்கள், வராது. சிரிப்பு வரும் சொல்லை வைத்துக்கொண்டு ஒருவரைக் கமராவுக்கு முன்னால் நிறுத்த முடியாது.

முண்டக்கட்டை, உரிஞ்சாங்குண்டி எல்லாம் அதே வகை. பின்னது சின்னப் பிள்ளைகளுக்கு என்றால் செல்லம், வளர்ந்தவருக்கு என்றால் அடிதடி.

நான் ஆசைப்பட்டுக் கைவிட்ட சொல் ஒன்று உண்டு: நக்கன். வடமொழி நக்ன என்பதன் தமிழ் உரு. தேவாரம் சிவனையே நக்கன் என்று கூப்பிடும், பலி தேர்ந்து உடையின்றித் திரிந்த பிட்சாடனர் கோலம் அது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராசராசன் கோயில் பணிக்குக் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களில் நக்கன் என்ற அடை வரிசையாக வரும். சிவனுக்கு உரியவர்கள் என்ற பெருமை அதில் இருந்தது. ஆங்கிலத்தின் நேக்கட், லத்தீன் வழி வந்த நியூட், வடமொழியின் நக்ன எல்லாமே ஒரே ஆதி வேரில் கிளைத்தவை என்று மொழியியலார் காட்டுகிறார்கள். அப்படிப் பார்த்தால் நியூட்டுக்கு நக்கன் ஒன்றுவிட்ட சகோதரன். ஆங்கிலத்தில் அந்த இரண்டும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு வேலையைப் பிரித்துக்கொண்டன. கென்னத் கிளார்க் என்ற கலை வரலாற்றாளர் 1956இல் இதைத்தான் விரித்து எழுதினார்: உடை பறிபோய்க் கூசி நிற்பது நேக்கட், கூச்சம் இல்லாமல் கலைக்குள் நிற்பது நியூட். நமக்கும் அப்படி ஒரு பிரிவு வேண்டும், அதற்கு நக்கன் பொருந்தும் என்று நினைத்தேன். 'நக்கன் படம்' என்று இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் 'நக்கலா?' என்றார். மற்றவர் கேட்டதை இங்கே எழுத முடியாது. சரி, விட்டுவிட்டேன்.

கிளார்க் சொன்ன பிரிவை நான் கண்ணால் பார்ப்பது வேலை தொடங்கிய முதல் பத்து நிமிடத்தில். போர்வையை எடுத்ததும் கை தானாக இடுப்புக்குப் போகும். உடுக்கை இழந்தவன் கைபோல என்று வள்ளுவர் நட்புக்குச் சொன்ன உவமை சும்மா வந்ததல்ல, அந்தக் கையின் வேகத்தைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் நான் படம் எடுக்க மாட்டேன். உதவிக்கு வரும் அக்கா தேத்தண்ணி கொடுப்பார், யன்னல் திரையை ஏற்றுவதும் இறக்குவதுமாக நான் நிற்பேன், கதை வேறெங்கோ போகும். ஒரு கட்டத்தில் கை மறந்துபோய் இறங்கும். தோளும் இறங்கும். அப்புறம்தான் கமராவைத் தொடுவேன்.

இன்னொன்று, பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்: உடையைக் கழற்றினாலும் உடை போகாது. இலாஸ்டிக் பட்டி இடுப்பைச் சுற்றிச் சிவந்த பள்ளம் பறித்து வைத்திருக்கும். மறைய ஒரு மணித்தியாலம்கூட எடுக்கும். அதனால் முதல்நாளே சொல்லிவிடுவேன், இரவு முழுக்கத் தளர்வான சாரமோ சட்டையோ போட்டுக்கொண்டு வாருங்கள் என்று. வீடு கடற்கரைப் பக்கம், கிழக்கே பெரிய யன்னல். கடலில் இருந்து சூரியன் ஏறும் ஆறு மணியிலிருந்து ஏழரை வரைக்கும் சாய்ந்த வெளிச்சம் வரும், அவ்வளவுதான் நேரம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் புழுதிக்குப் பயந்து யன்னலைப் பாதி சாத்த வேண்டும். மாரியில் வானம் மூடிக்கொண்டால் வெளிச்சம் நாள் முழுக்கப் பஞ்சுபோல இருக்கும், தோலுக்கு அதைவிட நல்லது இல்லை.

ஊருக்குள் வெளியே எடுப்பதில்லை. புறாத்தீவும் நிலாவெளியும் எத்தனை அழகாக இருந்தாலும், பொது இடத்தில் உடையில்லாமல் நிற்பது இந்த நாட்டில் குற்றம். 2018இல் சீகிரியாவுக்குப் பக்கத்தில் பிதுரங்கலப் பாறையில் அரைகுறை உடையோடு படம் எடுத்து முகநூலில் போட்ட மூன்று இளைஞர்கள் கைதானார்கள். அதனால் நான் வெளியே பாறையை எடுக்கிறேன், உள்ளே உடலை எடுக்கிறேன். கோணேசர் மலையில் இருக்கும் இராவணன் வெட்டின் பிளவை ஒரு தாளில், ஒருவரின் முதுகந்தண்டுப் பள்ளத்தைப் பக்கத்துத் தாளில். பாறையிடம் கையெழுத்து வாங்கத் தேவையில்லை.

சட்டம் என்றதும் ஆபாசம் என்ற சொல்லையும் பார்த்துவிட வேண்டும். ஆபாச வெளியீடுகள் பற்றிய 1927ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் என் தலைக்கு மேலே தொங்குகிறது. வடமொழியில் ஆபாசம் என்றால் என்ன தெரியுமா? பாஸ் என்ற வேர் ஒளிர்தலைக் குறிக்கும். ஆபாசம் என்பது ஒளி, தோற்றம், ஒன்றைப் போலத் தெரிவது. சிற்ப நூல்கள் முழு உருவத்தைச் சித்திரம் என்றும், புடைப்பு உருவத்தைச் சித்திரார்த்தம் என்றும், சுவரிலோ துணியிலோ தீட்டிய தட்டையான உருவத்தைச் சித்திராபாசம் என்றும் சொல்லும். அந்தக் கணக்கில் நான் எடுக்கும் கலியாணப் படம்கூட ஆபாசம்தான். போலித் தோற்றம் என்ற பொருள் மெல்லச் சரிந்து, தமிழில் இழிவானது என்று வந்து நின்றுவிட்டது. ஒளியைக் குறித்த சொல்லை ஒளியில் வேலை செய்பவனுக்கு எதிராகவே நிறுத்திவைத்திருக்கிறோம்.

கொழும்பில் லயனல் வென்ட் (1900–1944) ஆண் உடல்களை ஒளியும் நிழலுமாகப் படம் எடுத்திருக்கிறார். அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு உடை இல்லையே என்று தோன்றுவதில்லை. தோளில் வழியும் வெளிச்சம்தான் தெரிகிறது. அங்கேதான் எனக்கு விளங்கியது, நான் இதுவரை தட்டிப் பார்த்த சொற்கள் அநேகமாக எல்லாம் துணியைப் பற்றியும் கூச்சத்தைப் பற்றியுமே பேசின. எனக்கு வேண்டியது உடலைப் பற்றிப் பேசும் சொல்.

மேனி. உடம்பு, உடல், மெய், யாக்கை என்று தமிழில் எத்தனையோ இருக்க, ஒளி படும் உடலுக்கு இந்தச் சொல்தான். உடம்புக்கு நோய் வரும், யாக்கை நிலையாதது என்பார்கள், மேனி மட்டும் மினுங்கும். மாந்தளிர் மேனி, பொன்மேனி. செப்புச் சிலையையும் திருமேனி என்றுதான் சொல்கிறோம், செப்பு உடம்பு என்று சொல்வதில்லை. 'மேனிமேல் ஊரும் பசப்பு' என்று குறளில் ஒரு வரி. காதலன் பிரிந்தவளின் உடலில் நிறம் ஊர்ந்து பரவுகிறதாம். காலை வெளிச்சம் ஒரு முதுகில் விரல் விரலாக ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த 'ஊரும்' என்ற சொல் எவ்வளவு துல்லியம் என்று தெரியும். பேச்சு வழக்கிலும் பிறந்தமேனி என்று ஏற்கனவே இருக்கிறது, கேலி குறைந்த சொல். ஆனால் அது குழந்தையை நினைப்பூட்டும். இந்த வேலைக்குள் குழந்தை நினைப்பே வரக்கூடாது. ஆகவே வெறுமேனி என்று எடுத்துக்கொண்டேன். வெறும் என்ற அடை வெறுங்கை, வெறுந்தரை, வெறுங்கால் என்று எங்கும் பழகியது, கூச்சம் இல்லாதது. நியூட் போட்டோ: வெறுமேனிப் படம். கோப்புறையின் பெயரையும் மாற்றினேன்.

புதுப் படிவத்தில் முதலில் கையெழுத்துப் போட வந்தவர் நாற்பத்தைந்து வயதுக் கடற்றொழிலாளி. தோளும் முதுகும் வலை இழுத்து இழுத்து முறுகிய தேகம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாக வாசித்தார். "தம்பி, வெறுமேனி எண்டால் வெறும்மேல்தானே? கோயிலுக்குப் போற மாதிரி சேட்டைக் கழட்டினால் காணும்தானே?" என்றார். மேல் என்றால் எங்கள் பேச்சில் உடம்பு, வெறும்மேல் என்றால் இடுப்புக்கு மேலே ஒன்றும் இல்லாமல் நிற்பது. இவ்வளவு ஆராய்ந்த எனக்கு அது உறைக்கவில்லை. படிவத்தில் 'முழு' என்று மேலே செருகி, வாயாலும் விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சாரத்தைக் கழட்டுவன். அரணாக்கொடியைக் கழட்ட மாட்டன். அது கட்டையில போகேக்கதான் அறுக்கிறது. அது இருக்குமட்டும் நான் அம்மணமும் இல்லை."

சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கி, 'முழு வெறுமேனி' என்ற இடத்துக்குப் பக்கத்தில் தன் கையால் எழுதினார்: 'அரைஞாண் தவிர'.