பவர் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது

கண்ணில் இரும்புத்தூள் குத்தி எங்களிடம் சிகிச்சைக்கு வருபவர்களிடம் "வேலை செய்யும்போது கண்ணுக்கு என்ன போட்டிருந்தீர்கள்?" என்று கேட்டால் இரண்டு பதில்கள்தான் வரும். "ஒன்றும் போடவில்லை" என்பவரையாவது இரண்டு வார்த்தை திட்டி அனுப்பலாம். எரிச்சல் வருவது மற்றப் பதிலுக்குத்தான்: "கண்ணாடி போட்டிருந்தேனே!" என்ன கண்ணாடி? பேப்பர் படிக்க வாங்கிய பவர் கண்ணாடி. அது இல்லாவிட்டால் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய கூலிங் கிளாஸ். பினாங்கின் பிறை, புக்கிட் மெர்தாஜாம் பட்டறைகளிலிருந்து இந்த வாரமும் இதே பதில் வந்தது. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பவர் கண்ணாடிக் கதையைப் பேசி முடித்துவிடுவோம். எழுத்தைத் தெளிவாகக் காட்டுவதுதான் அதன் வேலை. கண்ணுக்கு நேர் எதிரே இருப்பதை மட்டும்தான் அது மறைக்கும். கன்னப் பக்கம், புருவப் பக்கம், கீழே எல்லாம் திறந்தே கிடக்கிறது. கிரைண்டர் பொறி நேராக மட்டுமா வருகிறது? கன்னத்தில் பட்டுத் தெறிக்கும். பக்கவாட்டில் நுழைந்து லென்ஸின் உள்பக்கத்தில் மோதித் திரும்பிக் கண்ணில் விழும். அடுத்தது லென்ஸ். சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ் பலமான அடி பட்டால் கூர்மையான துண்டுகளாக உடையும். அந்தத் துண்டு வெளியே போகாது, உள்ளே கண்ணுக்குத்தான் வரும். கல் லென்ஸை, அதாவது அசல் கண்ணாடியில் செய்ததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"என்னுடையது பாலிகார்பனேட் (உறுதியான ஒரு வகைப் பிளாஸ்டிக்), உடையாது" என்று சிலர் மடக்குவார்கள். சரி, ஃபிரேம்? சாதாரண ஃபிரேமில் லென்ஸைப் பிடித்திருக்கும் வரப்பு மிக மெல்லியது. அடி விழுந்தால் லென்ஸ் உடையாமல் முழுதாகவே பின்பக்கம் கழன்று கண்ணில் வந்து மோதும். பாதுகாப்பு ஃபிரேமில் லென்ஸ் உள்பக்கம் கழன்றுவிடாதபடி வரப்பு கட்டப்பட்டிருக்கும். ஆகவே பாதுகாப்புத் தர முத்திரை லென்ஸிலும் வேண்டும், ஃபிரேமிலும் வேண்டும். அமெரிக்கத் தரத்தில் பவர் போட்டுக்கொள்ளும் பாதுகாப்பு ஃபிரேமில் 'இஸட்87-2' என்று இருக்கும். அதற்குச் செலவு செய்ய முடியாதவர்கள் பவர் கண்ணாடியின் மேலேயே மாட்டக்கூடிய பெரிய பாதுகாப்புக் கண்ணாடியை வாங்கிக்கொள்ளலாம். பார்க்க அழகாக இருக்காது. இருக்க வேண்டியதும் இல்லை.

அந்தச் சின்ன எழுத்துகளைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அமெரிக்கத் தரத்தில் வெறும் 'இஸட்87' என்றால், 25.4 மில்லிமீட்டர் உருக்குக் குண்டை 127 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தது. பக்கத்தில் ஒரு கூட்டல் குறி இருந்தால், 6.35 மில்லிமீட்டர் குண்டை வினாடிக்கு 45.7 மீட்டர் வேகத்தில் சுட்டுப் பார்த்தது. பட்டறைக்குக் கூட்டல் குறி இல்லாததை வாங்காதீர்கள். ஐரோப்பிய இஎன் 166 தரத்தில் இதையே எழுத்தில் போடுவார்கள்: எஃப் என்றால் வினாடிக்கு 45 மீட்டர், பி என்றால் 120, ஏ என்றால் 190. காதில் மாட்டும் கண்ணாடி எதுவானாலும் எஃப் அளவுக்கு மேல் போகாது. பட்டை வைத்து முகத்தோடு ஒட்டி நிற்கும் கோகல்ஸ் பி வரை போகும். ஏ கிடைப்பது முகம் முழுவதையும் மறைக்கும் ஃபேஸ் ஷீல்டுக்கு மட்டும்.

இந்த எண்கள் எதற்கு என்று கேட்பீர்கள். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால் டிஸ்க்கின் விளிம்பு வினாடிக்கு 57 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. டிஸ்க் உடைந்தால் துண்டு ஏறக்குறைய அந்த வேகத்தில் கிளம்பும். சுட்டுப் பார்க்கும் சோதனைக் குண்டின் எடையோ ஏறக்குறைய ஒரு கிராம்தான். டிஸ்க் துண்டு அதைவிடக் கனம். அதனால்தான் கிரைண்டருக்குக் கண்ணாடி மட்டும் போதாது, ஃபேஸ் ஷீல்டு மட்டும் போதாது. உள்ளே கண்ணோடு ஒட்டிய கண்ணாடி அல்லது கோகல்ஸ், வெளியே ஃபேஸ் ஷீல்டு. ஷீல்டுக்குக் கீழ்ப்பக்கம் திறந்திருக்கிறது. அளவு பார்க்க அதைத் தூக்கும் நொடியில்தான் தூள் விழும். டிஸ்க்கில் அச்சிட்டிருக்கும் சுற்று வேகத்தை விட உங்கள் மெஷின் வேகமாகச் சுற்றினால், கண்ணாடியைப் பற்றிப் பேசுவதற்கு முன் டிஸ்க்கை மாற்றுங்கள்.

வெல்டிங்குக்கு வருவோம். கறுப்பாக இருந்தால் போதும் என்ற நினைப்பை எங்கே பிடித்தார்கள் என்று தெரியவில்லை. கறுப்பு என்பது நிறம், பாதுகாப்பு அல்ல. புற ஊதாக் கதிரைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்மணி விரியும், கதிர் இன்னும் தாராளமாக உள்ளே போகும். வெல்டிங் கண்ணாடி கதிரை எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டும் எண்தான் ஷேடு. குச்சி வெல்டிங்கில் 60 முதல் 160 ஆம்பியர் வரை ஷேடு 10 போடுங்கள். 160 முதல் 250 வரை 12. கேஸ் கட்டிங்கில் 1 அங்குலத் தகடு வரை 3 அல்லது 4 போதும். கேஸ் கட்டிங் கண்ணாடியோடு ஆர்க் வெல்டிங் செய்பவர் அன்று ராத்திரியே எங்களிடம் வந்துவிடுவார். வலி உடனே தெரியாது. ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து, தூங்கப் போன பிறகு, கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியது போல எரியும். அப்போது தாய்ப்பால் ஊற்றாதீர்கள், தயவுசெய்து. மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தை நண்பரிடம் வாங்கித் திரும்பத் திரும்ப விடவும் கூடாது. வலி தெரியாது, கருவிழிப் புண்ணும் ஆறாது.

வெல்டிங் ஆளை விட, பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் திருப்பிக்கொள்ளும் தம்பிதான் அதிகம் மாட்டுகிறார். அவருக்கும் ஒரு முகக்கவசம் வேண்டும் என்று எந்த முதலாளிக்கும் தோன்றுவதில்லை. அதோடு, முகக்கவசத்தைத் தூக்கிவிட்டு சுத்தியலால் கசடு தட்டும்போது சுடச்சுடத் தெறிக்கிறது. உள்ளே நிறமில்லாத பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் போட்டிருங்கள்.

சாலையோரம் புல் வெட்டுபவர்கள் கம்பி வலை முகமூடி போட்டிருப்பதைப் பார்க்கலாம். பெரிய கல்லுக்கு வலை சரி. மணலும் உடைந்த நைலான் கயிற்றுத் துணுக்கும் அதன் வழியே சுலபமாக வரும். உள்ளே ஒரு கண்ணாடி போட்டால் முடிந்தது வேலை. வெட்டும் இடத்திலிருந்து 15 மீட்டருக்குள் வேறு யாரும் நிற்கக்கூடாது. நிபோங் திபால் பக்கம் செம்பனையில் மட்டை அரிபவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. அண்ணாந்து பார்த்து வேலை செய்வதால் தூசியும் முள்ளும் நேரே கண்ணில் விழும். செடி கொடி கீறிய கண்ணில் பூஞ்சை பிடிக்கும். கடையில் வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு சிவப்பைக் குறைத்துக் காட்டிவிட்டுப் பூஞ்சையை வளர்க்கும். சில நாள் கழித்து வெள்ளைப் புள்ளியோடு வருவார்கள். (தைப்பூசத்தில் தேங்காய் உடைப்பவர்களும் சிரட்டை அள்ளுபவர்களும் இதைத் தங்களுக்கும் சேர்த்தே படித்துக்கொள்ளலாம்.)

ரசாயனத்துக்குக் காதில் மாட்டும் கண்ணாடி எதுவும் உதவாது. காற்றுத்துளை நேராக இல்லாமல் மறைவாக வைத்த கோகல்ஸ்தான் வேண்டும். நேர்த்துளை உள்ளது தூசிக்கு. அதில் திரவம் உள்ளே வந்துவிடும். சாக்கடை அடைப்பு நீக்கும் காஸ்டிக், அம்மோனியா, ஈர சிமெண்ட், சுண்ணாம்பு, இவையெல்லாம் அமிலத்தை விட மோசம். கண்ணுக்குள் ஊடுருவிக்கொண்டே போகும். பட்டால் டாக்டரைத் தேடுவதற்கு முன் குழாயைத் தேடுங்கள். இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு வாருங்கள். இரண்டு கை தண்ணீர் அடித்துவிட்டு மோட்டாரில் ஏறாதீர்கள்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் லேசர் மெஷின் பக்கம் வேலை செய்பவர்களுக்கு ஒரு வரி போதும்: கண்ணாடியில் எழுதியிருக்கும் அலைநீளம் உங்கள் மெஷினின் அலைநீளமா என்று பாருங்கள். 532 நானோமீட்டருக்கு மட்டும் செய்தது 1064-க்கு உதவாது. நிறத்தைப் பார்த்து எடுக்க வேண்டாம்.

"ஆவி பிடிக்குது, ஒண்ணும் தெரியல" என்பது நியாயமான புகார்தான். நம் ஊர் வெக்கைக்கு எந்தக் கண்ணாடியும் மங்கும். இஎன் தரத்தில் 'என்' எழுத்து போட்டது மங்கலைத் தாங்கும். காய்ந்த சட்டையால் துடைத்தால் அந்தப் பூச்சு போய்விடும். தண்ணீரில் அலசி மெல்லிய துணியால் ஒற்றுங்கள். பெயிண்ட் கறையை எடுக்கத் தின்னரால் துடைப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், பாலிகார்பனேட் அதில் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். கீறல் விழுந்ததைத் தூக்கிப் போடுங்கள்.

இதெல்லாம் முதலாளிக்குச் செலவு என்றால், மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் சில விதிவிலக்குகள் தவிர எல்லா வேலையிடத்துக்கும் பொருந்துகிறது. சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புச் சாதனத்துக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. கொடுத்ததைப் போடாமல் இருப்பதும் தவறுதான். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு) தெரிவிக்க வேண்டும்.

கண்ணில் எதுவாவது குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், கசக்காதீர்கள், கழுவவும் வேண்டாம். காகிதக் கப்பை அழுத்தாமல் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். சாப்பிடாமல் போங்கள், அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். உளியைச் சுத்தியலால் அடிக்கும்போது சுருக்கென்று பட்டு, பிறகு வலியே இல்லாமல் பார்வையும் நன்றாக இருந்தால்கூட வாருங்கள். அந்தத் துணுக்கு உள்ளே போயிருக்கலாம், இரும்பாக இருந்தால் உள்ளேயே துருப்பிடித்துப் பார்வையைத் தின்னும். பல வருடம் கழித்து முதுகுவலிக்கு எம்ஆர்ஐ எடுக்கப் போனாலும் உள்ளே படுப்பதற்கு முன் சொல்லுங்கள்: இரும்பு வேலை செய்தேன், ஒருமுறை கண்ணில் பட்டது என்று. எம்ஆர்ஐ மெஷினில் உள்ள காந்தத்துக்கு அந்தத் துணுக்கை அசைக்கத் தெரியும்.