சம்பள வரியைக் கடைசியில் படியுங்கள்

நான் கோத்தகிரிக்காரன். ஒரு தனியார் விமான நிறுவனத்தில் கேப்டனாக இருக்கிறேன். சென்னைதான் என் பேஸ், அதாவது பணி தொடங்கி முடிகிற ஊர். விமானிகள் தரப்பிலிருந்து நிர்வாகத்தோடு உட்கார்ந்து ஒப்பந்தம் பேசிய குழுவிலும் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அதனால் ஊருக்கு வந்தாலே யாராவது ஒருவர் காகிதத்தோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார். கோத்தகிரி, கேத்தி, குன்னூர்ப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகள், எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள். தோட்டத்தை அடமானம் வைத்துப் பையனையோ பெண்ணையோ பறக்கப் படிக்க வைத்திருப்பார்கள். ஒருவழியாக வேலைக் கடிதமும் வந்திருக்கும். "பாத்துச் சொல்லுங்கண்ணா, கையெழுத்துப் போட்டுடலாமா?" என்று கேட்டுக்கொண்டே சம்பளம் எழுதியிருக்கும் வரியில் விரலை வைப்பார்கள். அந்த வரியை நான் கடைசியில்தான் படிப்பேன். ஏன் என்று எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

பயிற்சி, டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டத் தனியாக வாங்கும் தகுதி) எல்லாம் சேர்ந்தால் செலவு இன்று பல இடங்களில் ஒரு கோடியைத் தாண்டிவிடுகிறது. அவ்வளவு கடன் தலைமேல் இருக்கும்போது மாதம் எவ்வளவு வரும் என்றுதான் கண் போகும். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விமானியின் சம்பளம் மாதச் சம்பளம் மாதிரித் தெரிந்தாலும் அதில் பெரும்பகுதி பறக்கும் மணிநேரக் கணக்கில் வருவது. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து போய்ச் சேர்ந்து நிற்கிற வரைக்கும்தான் அந்தக் கணக்கு. பிளாக் ஹவர்ஸ் என்போம். புறப்பாட்டுக்கு வெகுமுன்பே வந்து ரிப்போர்ட் செய்வது, வானிலையும் எரிபொருளும் பார்ப்பது, டெல்லிப் பனிமூட்டத்தில் கேட்டிலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது எல்லாமே ட்யூட்டிதான். பல ஒப்பந்தங்களில் அதற்குத் தனியாகக் காசு கிடையாது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதத்துக்கு எத்தனை மணிநேரத்துக்குச் சம்பளம் உறுதி என்பது. 2024 ஏப்ரலில் விஸ்தாரா விமானங்கள் வரிசையாக ரத்தானது பலருக்கு நினைவிருக்கும். ஏர் இந்தியாவோடு இணைக்கும் முன்பு கொண்டுவந்த புது ஒப்பந்தத்தில் அந்த உறுதி 70 மணிநேரத்திலிருந்து 40 ஆக இறங்கியதுதான் அங்கே விமானிகளின் பெரிய குறை. ஒரு மணிநேரத்துக்கு எவ்வளவு என்று நிறுவனம் தீர்மானிக்கிறது. எத்தனை மணிநேரம் பறக்கலாம் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. கொழுந்துக்கு விலையும் ஃபேக்டரி சொல்லி, இந்த மாதம் எத்தனை கிலோ எடுத்துக்கொள்வோம் என்பதையும் ஃபேக்டரியே சொன்னால் தோட்டக்காரர் நிலைமை எப்படி இருக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது தூக்கம். எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான்.

ஒரு ரோஸ்டரை, அதாவது பணி அட்டவணையைப் பாருங்கள். முதல் நாள் விடிகாலை 4.30க்கு ரிப்போர்ட்டிங். அதற்கு 2 மணிக்கே எழ வேண்டும். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் மதியம் ஸ்டாண்ட்பை. கூப்பிட்டால் கிளம்ப வேண்டும், கூப்பிடாவிட்டாலும் நிம்மதியாகப் படுக்க முடியாது. நான்காம் நாள் இரவு 11 மணிக்கு ரிப்போர்ட்டிங். விடிய விடிய இரண்டு செக்டர் (ஒரு புறப்பாடும் ஒரு தரையிறக்கமும் சேர்ந்தது ஒரு செக்டர்), கடைசியாக இறங்குவது காலை ஐந்தே முக்காலுக்கு. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எந்த நாளிலும் விதிமீறல் இருக்காது. உடம்பு மட்டும் இது இரவா பகலா என்று தெரியாமல் தடுமாறும். அதிகாலை 2 மணியிலிருந்து 6 மணிவரை மனித மூளை அடிமட்டத்தில் வேலை செய்கிற நேரம். அந்த நேரத்தில் கட்டுப்பாட்டு அறை ஒரு உயரம் சொல்லும். சரியாகத் திருப்பிச் சொல்வோம். சொன்ன கையோடு பக்கத்து சீட்டில் இருப்பவரிடம், "எவ்வளவு சொன்னான்?" என்று கேட்போம். அவரும் ஒரு நொடி யோசிப்பார். பின்னால் நூற்றெண்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

2010 மே 22 அன்று துபாயிலிருந்து இரவெல்லாம் பறந்து மங்களூரில் இறங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். பயணத்தில் பெரும்பகுதி நேரம் கேப்டன் தூங்கியிருந்தார். குறட்டைச் சத்தம் காக்பிட் ஒலிப்பதிவிலேயே இருந்தது. துணை விமானி திரும்ப மேலே ஏறச் சொல்லியும் அவர் இறங்குவதை விடவில்லை. தூக்கத்திலிருந்து எழுந்த மந்தநிலை அவர் முடிவெடுப்பதைப் பாதித்திருக்கும் என்று விசாரணை சொன்னது. புதிதாக வேலைக்குச் சேர்கிற பிள்ளைகளிடம் இந்த அறிக்கையை ஒருமுறை முழுதாகப் படிக்கச் சொல்வேன்.

இந்த அனுபவங்களின் பின்னணியில்தான் 2024 ஜனவரியில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ புதிய பணிநேர விதிகளை வெளியிட்டது. வார ஓய்வு 36 மணிநேரத்திலிருந்து 48 ஆனது. இரவு என்பது நள்ளிரவிலிருந்து காலை 5 மணிவரை என்றிருந்ததை 6 மணிவரை நீட்டினார்கள். இரவில் 6 தரையிறக்கம்வரை செய்யலாம் என்றிருந்தது 2 ஆகக் குறைந்தது. 2024 ஜூனிலேயே வந்திருக்க வேண்டிய விதிகள் தள்ளிப்போய், விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போன பிறகு, 2025 ஜூலை 1, நவம்பர் 1 என்று இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. 5ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல். மலையிலிருந்து விடிகாலையில் இறங்கிக் கோவை விமான நிலையத்தில் காத்துக் கிடந்தவர்கள் என்னிடமே கோபப்பட்டார்கள்: "உங்களுக்கு ரெஸ்ட் குடுத்ததாலதானே இவ்வளவும்?" அவர்கள் கோபம் நியாயம், ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. விதி வெளியாகி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இருந்தன. அந்த அவகாசத்தில் தேவையான விமானிகளை எடுத்துப் பயிற்சி கொடுத்திருக்க வேண்டியது நிறுவனத்தின் வேலை. கடைசியில் இரவு விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை அந்த நிறுவனத்துக்கு விலக்குக் கொடுத்தார்கள். பாதுகாப்புக்காக எழுதிய விதியை, ஆள் போதவில்லை என்ற காரணத்துக்காகத் தளர்த்தியதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி, ஒப்பந்தத்தில் நான் தேடிப் பிடித்துப் பென்சிலால் கோடு போடுகிற வரிக்கு வருகிறேன். "நிறுவனம் தன் தேவைக்கேற்ப அவ்வப்போது வகுக்கும் கொள்கைகளுக்கு உட்பட்டு" என்ற பொருளில் ஏதோ ஒரு பக்கத்தில் ஒரு வரி இருக்கும். மேலே எழுதிக் கொடுத்த பேஸ், விடுப்பு, படி, உறுதி மணிநேரம் எல்லாவற்றையும் மாற்ற அந்த ஒரு வரி போதும். எதை மாற்றலாம், எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், விமானி ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். புதிதாகச் சேர்கிறவருக்காக அந்த வரியை எடுக்க மாட்டார்கள்தான். கேட்டு வாங்கிய பதில் கையில் இருந்தால், பின்னால் தகராறு வரும்போது உதவும்.

பேச்சுவார்த்தை மேஜையில் நிர்வாகம் எப்போதும் சம்பள உயர்வுச் சதவிகிதத்தில்தான் ஆரம்பிக்கும். நாங்கள் கொண்டுபோவது வேறு பட்டியல்: ரோஸ்டரை எத்தனை நாள் முன்பு வெளியிடுவீர்கள், வெளியிட்ட பிறகு மாற்றினால் என்ன, விடுமுறை நாளில் கூப்பிட்டால் மறுக்கலாமா, நீண்ட ட்யூட்டியில் சூடான சாப்பாடு உண்டா. ஒரு ஊரில் லேஓவர் ஹோட்டல் (பணிக்கு நடுவே வெளியூரில் தங்க வைக்கும் இடம்) விமான நிலையத்திலிருந்து வெகுதூரம். தாளில் 12 மணிநேர ஓய்வு. வண்டிக்குக் காத்திருப்பது, நெரிசல், சாப்பாடு, மறுபடி கிளம்பித் தயாராவது எல்லாம் போகத் தூங்கக் கிடைத்தது அதில் பாதிதான். மாதக்கணக்கில் வாயால் சொல்லிப் பார்த்தோம், அசையவில்லை. பிறகு அந்த ஊரில் தங்கிய ஒவ்வொருவரையும் முறையாக ஃபட்டீக் ரிப்போர்ட், அதாவது அசதி பற்றிய அறிக்கை எழுத வைத்தோம். அந்தக் கட்டு மேஜைமேல் வந்த பிறகுதான் ஹோட்டல் மாறியது. அசதியாக இருந்தால் பறக்கக் கூடாது என்பது விதி. அதை எழுதிக் கொடுப்பதால் தண்டிக்கக் கூடாது என்பதும் உண்டு. ஆனால் எழுதினால் பெயர் கெட்டுவிடும் என்று இளையவர்கள் பயப்படுகிறார்கள். தயவுசெய்து எழுதுங்கள்.

அமெரிக்காவில் விமானிகளின் ஒப்பந்தம் நூற்றுக்கணக்கான பக்கம் போகும் ஒரே புத்தகம். அந்த நிறுவனத்தின் எல்லா விமானிகளுக்கும் சேர்த்துச் சங்கம் பேசி முடிப்பது. காலம் முடிந்தாலும் புதியது கையெழுத்தாகும் வரை பழையதே செல்லும் என்பது அங்கே சட்டம். 2023இல் டெல்டா விமானிகள் நான்கு ஆண்டுகளில் 34 சதவிகித உயர்வு வாங்கியது அப்படித்தான். இங்கே தனியார் நிறுவனங்களில் பெரும்பாலும் ஆளுக்கொரு மின்னஞ்சல், இத்தனை தேதிக்குள் சம்மதம் சொல் என்று. தனியாக உட்கார்ந்து அதைப் படிப்பவருக்கு என்ன பலம் இருக்கும்? சேர்ந்த முதல் மாதமே விமானிகள் சங்கத்தில் உறுப்பினராகிவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மலையிலிருந்து வேலைக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பேஸ் ஊரில் வாடகை அதிகம், அப்பா அம்மா இங்கே இருக்கிறார்கள் என்று வீட்டை ஊரிலேயே வைத்துக்கொள்ளத் தோன்றும். 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். கேப்டன் விமானத்தைக் கையாண்ட விதம்தான் காரணம் என்று முடிவானது. ஆனால் துணை விமானி சியாட்டிலில் பெற்றோர் வீட்டில் இருந்துகொண்டு, முந்தின இரவெல்லாம் விமானம் மாறி மாறி நாட்டின் அந்தக் கோடியிலிருந்து வேலைக்கு வந்தவர் என்பதும், அவருடைய சம்பளம் எவ்வளவு சொற்பம் என்பதும் அந்த விசாரணையில்தான் வெளியே வந்தன. அங்கே ஓய்வு விதிகள் மாறியதற்கு அந்த விபத்துதான் காரணம்.

ஐப்பசி, கார்த்திகையில் நம் மலைப்பாதைகளின் நிலை தெரியும். மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் போய்ச் சேர எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. இரவு ஒரு மணிக்குப் பனியில் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டி இறங்கிவிட்டு, அதே காலையில் விமானத்தை எடுக்க நினைக்காதீர்கள். முந்தின நாளே பேஸ் ஊருக்குப் போய்ப் படுத்துவிடுங்கள். பாதை அடைபட்டு வர முடியாமல் போனால் அதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்பதையும் சேரும்போதே கேட்டு வையுங்கள்.

பாண்டும் நோட்டீஸும் சுருக்கமாக. பாண்ட் என்பது, சொன்ன காலத்துக்கு முன்பே வேலையை விட்டால் நிறுவனத்துக்கு இவ்வளவு கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுப்பது. 2017 விதிப்படி கேப்டன் வேலையிலிருந்து விலக 12 மாத நோட்டீஸ், துணை விமானிக்கு 6 மாதம். அவ்வளவு காலம் கட்டிப்போடுகிற நிறுவனம், தான் அனுப்பும்போது எத்தனை நாள் அவகாசம் தருகிறது என்று பாருங்கள். பாண்ட் தொகை மாதாமாதம் குறைய வேண்டும். கடைசி மாதம்வரை முழுத் தொகை நிற்கிற பாண்டில் கையெழுத்துப் போடாதீர்கள். நிறுவனமே மூடிவிட்டால் பாண்ட் என்ன ஆகும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். கிங்ஃபிஷர் 2012இலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மேயிலும் பறப்பதை நிறுத்தின. சம்பள பாக்கியோடு நின்றவர்களில் கல்விக் கடன் கட்டிக்கொண்டிருந்த இளையவர்களும் உண்டு.

கடைசியாக, உடம்பு. மெடிக்கலில், அதாவது விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனையில் தேறாவிட்டால் லைசென்ஸ் இருந்தும் பறக்க முடியாது. சம்பளம் நின்றுவிடும், கடன் நிற்காது. இதற்கென்று லைசென்ஸ் இழப்புக் காப்பீடு இருக்கிறது. நிறுவனம் எடுத்துத் தருகிறதா, எவ்வளவு தொகைக்கு, எந்தெந்த நோய்களுக்குக் கிடையாது என்று பாருங்கள். தோட்டத்தின் மேல் இருக்கும் கடனை அடைக்க அந்தத் தொகை போதவில்லை என்றால், மெடிக்கல் சுத்தமாக இருக்கும்போதே சொந்தமாக இன்னொன்று எடுத்துவிடுங்கள். ஒரு குறை பதிவான பிறகு போனால் அந்தக் குறையை விலக்கி வைத்துத்தான் பாலிசி தருவார்கள்.