கிரேக்க நாடகத்தில் கடவுள் எப்போது வெளியேற வேண்டும்?

கிரேக்கத் துன்பியல் நாடகங்களை மேடையேற்றும் குழுக்கள் அதிகம் சறுக்குவது கடவுள் வரும் இடங்களில்தான். கெட்டவனைத் தண்டித்து நல்லவனைக் காக்க வருகிறவர் என்ற நினைப்போடு ஒத்திகைக்குப் போனால் நாடகம் கைநழுவிவிடும்.

யூரிப்பிடிஸின் 'ஹிப்போலிட்டஸ்' (கி.மு. 428) நாடகத்தையே பாருங்கள். முதலில் வந்து பேசுபவள் காதல் தெய்வம் அஃப்ரொடைட்டி. தன்னை மதிக்காமல் வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸையே வணங்கும் ஹிப்போலிட்டஸ் இன்று சாவான் என்கிறாள். அதற்காக அவனுடைய மாற்றாந்தாய் ஃபெட்ராவின் மனதில் அவன்மேல் ஆசையை மூட்டியவளும் அவளே. ஃபெட்ராவின் பேர் கெடாதாம். ஆனாலும் அவளும் சாக வேண்டியதுதான்.

முடிவு முன்பே தெரிந்துவிடுகிறதே என்று இந்த முன்னுரையை வெட்டிவிடத் தோன்றும். வெட்டாதீர்கள். அடுத்த காட்சியில் வாசலில் நிற்கும் அஃப்ரொடைட்டி சிலையை வணங்கும்படி கிழட்டு வேலையாள் சொல்கிறான். 'தூரத்திலிருந்தே கும்பிடுகிறேன்' என்று ஹிப்போலிட்டஸ் நகர்ந்துவிடுகிறான். முன்னுரையைக் கேட்டவர்களுக்கு அங்கே வயிறு கலங்கும். கேட்காதவர்களுக்கு அது வெறும் பேச்சு.

அடுத்தது உயரம். ஏதென்ஸில் மேடைக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு தூக்குப்பொறி இருந்தது. நடிகரைக் கயிற்றில் ஏற்றிக் கூரைக்கு மேலே கொண்டுவரும். அதன் ஆபத்தும் எல்லாருக்கும் தெரிந்ததே: அரிஸ்டோஃபனிஸின் 'அமைதி' (கி.மு. 421) நகைச்சுவையில், சாணிவண்டின் மேல் பறக்கும் நாயகன் பயந்துபோய், பார்த்து இயக்கு என்று பொறிக்காரனையே கெஞ்சுகிறான். இன்று பொறி கட்டாயமில்லை. மனிதர் நிற்கும் தளமும் கடவுள் நிற்கும் தளமும் வேறாகத் தெரிந்தால் போதும். 'பாக்கே' நாடகம் இதைக் கலைத்துப்போடும்: மதுவின் கடவுள் டயனைசஸ் மனித வேடத்தில் தரையிலேயே நடமாடுகிறார், மன்னன் பென்தியஸுக்கு அடையாளம் தெரியவில்லை. ஆரம்பத்திலேயே அவரை உயரத்தில் ஏற்றிவிட்டால் அந்த வேடத்துக்கே வேலை இல்லை. சோஃபக்ளிஸின் 'ஈடிபஸ் மன்னன்' நாடகத்தில் எந்தக் கடவுளும் வருவதில்லை. டெல்ஃபி கோயிலில் அப்போலோ தெய்வம் சொன்ன குறிவாக்கு மட்டுமே காதில் விழுகிறது. அங்கே ஒலிபெருக்கியில் அப்போலோவின் குரலைச் சேர்ப்பவர்களை என்னவென்று சொல்வது!

மறுபடி ஹிப்போலிட்டஸுக்கு. ஃபெட்ரா எழுதிவைத்துச் செத்த பொய்ப் பழியை நம்பி மகனைச் சபித்துவிட்ட தந்தை தீசியஸுக்கு, மகன் குற்றமற்றவன் என்ற உண்மையைச் சொல்லக் கடைசியில் ஆர்ட்டெமிஸ் வருகிறாள். தன் பக்தனை அவள் காப்பாற்றவில்லை. ஒரு தெய்வத்தின் விருப்பத்தை இன்னொரு தெய்வம் தடுப்பதில்லை, அதுதான் எங்கள் வழக்கம் என்கிறாள். பதிலுக்கு அஃப்ரொடைட்டிக்குப் பிரியமான ஒருவனை அம்பெய்து கொல்வேன் என்கிறாள். அவ்வளவுதான் அவள் தரும் நியாயம். பிறகு, சாகிறவரின் கடைசி மூச்சைப் பார்த்துத் தெய்வம் தீட்டுப்படக் கூடாது என்று சொல்லிப் போய்விடுகிறாள்.

வெளிச்சம் அழகாக விழுகிறது என்பதற்காக அவளைக் கடைசிவரை மேலே நிறுத்திவைப்பதுதான் பெரிய பிழை. அவள் போன பிறகே மகன் தந்தையை மன்னிக்கிறான். முகத்தைத் துணியால் மூடுங்கள் என்று அவன் கேட்கும்போது கூரை காலியாக இருக்க வேண்டும். கீழே இரண்டு தெய்வங்களின் சிலைகளும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.